தனி மூட்டை

பெரியக்காவின் வாயில் ‘சீ’ என்ற சொல் வரவே வராது என்று இந்தத் தொடர்கதையின் முதல் வாரத்தில் எழுதியிருந்தேன். இன்று அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அவள் அதைச் சொன்னாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்பதுதான் கேவலம்.

விட்ட இடம் மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சலவைக்கூடம் பெரியக்காவுடையது. கீழே மெஷின்கள், மாடியில் வீடு. அவள் தம்பி வேனை எடுத்துக்கொண்டு ஹோட்டல், நர்சிங் ஹோம், விடுதி என்று சுற்றி மூட்டைகளைக் கொண்டுவருவான். தம்பி மனைவிக்கு ‘நம்பர்’ என்று பெயர் வைத்ததே பெரியக்காதான். எந்தத் துணி எந்த நம்பர் என்று புத்தகத்தைத் திறக்காமலே அந்தப் பெண் சொல்லிவிடுவாள். மூட்டையில் குத்துகிற சீட்டில் அவள் எழுத்து அச்சடித்த மாதிரி விழும்.

நாலு மாதத்துக்கு முன்னால் நம்பரின் மார்பில் கட்டி என்று தெரிந்தது. மூன்று தவணை மருந்து ஏற்றியாகிவிட்டது. மூன்றாவது தவணைக்குப் பிறகு வெள்ளணுக்கள் அதலபாதாளத்துக்குப் போய்விட்டதால், டாக்டர் ஐந்து நாளைக்கு ஓர் ஊசி எழுதிக்கொடுத்தார். தினம் ஒன்று, வயிற்றுத் தோலில். தம்பியே போடக் கற்றுக்கொண்டான்.

நர்ஸ் அதற்குச் சொன்ன பெயர் ‘வளர்ச்சி ஊசி’. வெள்ளணுக்களை வளர்க்கிற ஊசி என்று விளக்கமும் சொன்னாள். பெரியக்காவின் காதில் பெயர் மட்டும்தான் விழுந்தது.

“உள்ளே கட்டி இருக்கிறவளுக்கு வளர்ச்சி ஊசியா? எதை வளர்க்கணும், எதை விடணும்னு அதுக்கு யாருடா பாடம் எடுத்தது?”

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். புதன்கிழமை காலையில் நம்பரின் கழுத்திலும் இரண்டு கைகளிலும் சிவப்பு சிவப்பாகக் கிளம்பியதைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று.

“சொன்னேனா இல்லையா? வளர்ந்துடுச்சு பார்!” என்றாள் பெரியக்கா. சொன்னது பலித்துவிட்ட திருப்தி அவள் முகத்தில் இருந்தது என்று எழுத எனக்கே கூசுகிறது. ஆனால் இருந்தது.

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

விரிப்பு மாற்றத்தான் பெரியக்கா அறைக்குள் போனாள். நம்பருக்கு ராத்திரி முழுக்க நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். தலையில் ஒரு முடி கிடையாது, உதடு வெடித்திருக்கிறது. வலது முழங்கைக்குக் கீழே கறுஞ்சிவப்பில் ஒரு தடிப்பு, ரொட்டித் துண்டு அகலத்துக்கு. ஓரமெல்லாம் புடைத்து, மேலே தண்ணீர் கோத்த மாதிரி மினுமினுத்தது. அது போன்றவை இன்னும் ஆறு. நடுவில் ஒன்று உடைந்து, ஒழுகி, காய்ந்து, விரிப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பெரியக்கா விரிப்பை இழுத்தாள். தோலும் சேர்ந்து வந்தது.

“சீ!”

வந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போய், சுவரில் கையைத் தேய்த்தாள். நம்பர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

இந்தப் பெரியக்கா யார் என்று நினைக்கிறீர்கள்? கல்யாண மண்டபத்து வாந்தியைக் கையால் அலசியவள். நர்சிங் ஹோமின் பிரசவ விரிப்புகளைப் பிரித்துக்கொண்டே டீ குடிப்பவள். விடுதி அறையில் மூன்று நாள் செத்துக் கிடந்த ஒருவனின் மெத்தை உறை வந்தபோது, வேலையாட்கள் வாசலுக்கு ஓட, இவள் மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “அழுக்குதான் நமக்குச் சோறு போடுது, மூக்கைப் பொத்தினா சோத்துக்கு மரியாதை இல்லை” என்றாள். அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டாள்.

ஊரான் வீட்டுச் சீழைத் தொட்டவளுக்குச் சொந்த வீட்டுத் தோல் குமட்டுகிறது.

ஏன் குமட்டியது என்பது அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை மத்தியானம், தம்பி வேனில் போயிருந்த நேரம், இந்தத் தடிப்புகள் பட்டாணி அளவில்தான் இருந்தன. “இதெல்லாம் சூட்டுக் கொப்புளம். தண்ணியை வடிச்சுட்டா ரெண்டு நாள்ல வாடிடும்” என்று, துணியில் சீட்டு குத்துகிற ஊக்கை எடுத்து, இஸ்திரிப் பெட்டியின் அடியில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“வேணாம் அக்கா. டாக்டரைக் கேட்டுக்கலாம்.”

“சும்மா இரு. கறையைப் பார்த்த உடனே எடுக்கணும். ஊறவிட்டா எந்த டாக்டராலயும் எடுக்க முடியாது.”

பன்னிரண்டில் ஏழு இடத்தில் குத்தினாள். ஒன்றிலும் தண்ணீர் வரவில்லை, சீழும் வரவில்லை. மேலே குமிழ் மாதிரி தெரிந்தது உள்ளே கெட்டியாக இருந்தது. துளி ரத்தம்தான் மிச்சம். “தம்பிகிட்டச் சொல்லாதே, தாம்தூம்னு குதிப்பான்” என்றாள். நம்பர் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அந்த ஏழும் ஊதத் தொடங்கின.

பெரியக்கா அதற்கப்புறம் நம்பரைத் தொடவில்லை. நம்பரின் டம்ளரைத் தனியாக வைத்தாள், சோப்பைத் தனியாக வைத்தாள். விரிப்பை மூங்கில் குச்சியால் தூக்கிப் பையில் போட்டாள்.

சனிக்கிழமையும், இழுத்த விரிப்பை அப்படித்தான் பையில் போட்டுக் கட்டினாள். பையின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணிச்சீட்டை ஊக்கால் குத்தினாள்.

அந்தச் சிவப்புச் சீட்டு நர்சிங் ஹோம் மூட்டைகளுக்கு மட்டும் போடுவது. அதில் ஒரே ஒரு சொல் இருக்கும்: ‘தனி’. மற்ற துணியோடு கலக்காதே, வேறு டிரம்மில் போடு, வெந்நீரில் போடு என்று அர்த்தம். போன மாதம் உடம்பு கொஞ்சம் தேவலையாக இருந்த ஒரு நாளில், சும்மா உட்காரப் பிடிக்காமல், நம்பரே உட்கார்ந்து ஐம்பது சீட்டு எழுதி வைத்திருந்தாள்.

நம்பர் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, அது என் எழுத்தாச்சே?”

“அது... கீழே பசங்க தெரியாம ஹோட்டல் துணியோட போட்டுடுவாங்கன்னு...”

“டம்ளருக்கும் ஒண்ணு குத்திட்டீங்களா? இல்ல, நான் எழுதின அம்பதும் தீர்ந்துபோச்சா?”

நம்பர் மெல்ல எழுந்து வந்து, சீட்டை ஊக்கோடு கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குள் தம்பி காய்ச்சல் மானியைப் பார்த்துவிட்டு, “கிளம்பு, கிளம்பு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு!” என்று கத்திக்கொண்டு சாவியைத் தேடினான்.

வேனில் மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேரும் போனார்கள். முன்சீட்டில் நம்பர். பின்னால், ஹோட்டல் மேஜைவிரிப்புகளின் புளித்த நாற்றத்தில், பெரியக்கா.

“நேத்தே கேட்டேன். அஞ்சாவது ஊசி வேணாம்னா விட்டுடலாம்னு. நீதான் போடுன்னே” என்றான் தம்பி.

“வெள்ளணு ஏறலைன்னா நாலாவது தவணை தள்ளிப்போயிடும். தள்ளிப்போட எனக்குப் பயம்.”

“அது சரி, வியாழக்கிழமை காலையில நான்தானே மருந்து தடவினேன்? பட்டாணி மாதிரிதானே இருந்தது? ஒரே நாள்ல எப்படி இந்தக் கண்றாவி ஆச்சு?”

நம்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் பெரியக்கா, மூட்டையின் முடிச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அந்த முடிச்சைக் கட்டியவள் அவளே.

ஆஸ்பத்திரியில் உடனே ரத்தம் எடுத்தார்கள். வெள்ளணு இப்போது ஏகத்துக்கு ஏறியிருந்தது. காய்ச்சல், ஊதிப்போன தோல், ஏறிய வெள்ளணு. டியூட்டி டாக்டர் அறுவை டாக்டரைக் கூப்பிட்டார். அவர் வேகமான மனிதர். கையுறை மாட்டிக்கொண்டு ஒரு தடிப்பை அழுத்தினார். நம்பர் பல்லைக் கடித்தாள்.

“உள்ளே சீழ் கட்டியிருக்கு. கையில மூணு இடம், கழுத்துல ஒண்ணு. கீறி எடுத்துடலாம். கீமோ போகிற உடம்பு, கிருமி ரத்தத்துல கலந்துட்டா உயிருக்கே ஆபத்து. இங்கே கையெழுத்துப் போடுங்க.”

தம்பி பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போட்டான்.

“இதை யாராவது கிள்ளினீங்களா? பிதுக்கினீங்களா?” டாக்டர் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

நம்பர் நிமிர்ந்து பெரியக்காவைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். பெரியக்கா தரையில் ஓடிய எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல டாக்டர். தானாத்தான் பெருசாச்சு” என்றாள் நம்பர்.

இதைவிட அருவருப்பான ஒன்றை இந்தத் தொடரில் நான் எழுதியதில்லை. புண்ணைச் சொல்லவில்லை. புண் என்ன பாவம் செய்தது? நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் இருப்பவளைத் தனக்காகப் பொய் சொல்ல விட்டுவிட்டு, கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றாளே, அதைச் சொல்கிறேன்.

ஏன் நின்றாள்? அவளுக்கென்று இருப்பது தம்பி ஒருவன்தான். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. இவள்தான் துவைத்துப் போட்டு, சோறு போட்டு ஆளாக்கினாள். அக்கா சொன்னால் வேதம் என்று இருப்பவன். வாயைத் திறந்தால் அவன் முகம் எப்படி மாறும் என்று இவளுக்குத் தெரியும்.

தள்ளுவண்டியில் நம்பரை ஏற்றினார்கள். நர்ஸ் அவள் கையைத் துடைத்து, கீற வேண்டிய இடத்தில் பேனாவால் கோடு போட்டாள். முதல் கோடு விழுந்த இடம் பெரியக்கா முதலில் குத்திய இடம். இரண்டாவது கோடு, இரண்டாவது குத்து. மூன்றாவதும் அப்படியே.

வண்டி கதவருகே போகும்போது பெரியக்கா ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“டாக்டர், கொஞ்சம் நில்லுங்க! நான்தான் குத்தினேன்.”

“என்னது?” என்றான் தம்பி.

“ஊக்கால. சீட்டு குத்துற ஊக்கால. வியாழக்கிழமை. ஏழு இடம்.”

“அக்கா, உனக்குப் பைத்தியமா? வெள்ளணு இல்லாத உடம்புல ஊக்கால குத்தினியா?”

அவன் கையில் பேனா இருந்தது. அதைத் தரையில் எறிந்தான். டாக்டர் அவனைக் கையால் அமர்த்திவிட்டுப் பெரியக்காவிடம் வந்தார்.

“குத்தினப்போ சீழ் வந்ததா?”

“வரலை டாக்டர். அதான் ஏழு குத்து குத்தினேன். ஒண்ணுலயாவது வரும்னு. தண்ணிகூட வரலை. உள்ளே கல்லு மாதிரி இருந்தது.”

“எங்கெங்கே? காட்டுங்க.”

பெரியக்கா தொடாமல் விரலால் காட்டினாள். இது, இது, இது. கழுத்தில் இது. டாக்டர் கூடவே எண்ணினார். பெரிதாக ஊதியிருந்தவை ஏழு. அவள் காட்டியவையும் அதே ஏழு. குத்தாமல் விட்ட ஐந்தும் இன்னும் பட்டாணியாகவே இருந்தன.

“குத்தின இடம் மட்டும் வளர்ந்திருக்கு...” டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “வேற என்ன மருந்து போகுது?”

“வளர்ச்சி ஊசி டாக்டர். வெள்ளணு ஏற. நேத்தோட அஞ்சு” என்றான் தம்பி.

டாக்டர் கையெழுத்துத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “வண்டியைத் திருப்புங்க. தோல் டாக்டரைக் கூப்பிடுங்க. அவங்க பார்க்காம நான் கத்தியைத் தொடமாட்டேன்.”

தோல் டாக்டர் அரைமணி நேரத்தில் வந்தாள். சின்ன வயசு, தூக்கம் போதாத கண். கையைக் கழுவிக்கொண்டு, வெறுங்கையால் நம்பரின் முழங்கையை ஏந்திக்கொண்டாள். தடிப்பின் ஓரத்தை விரலால் மெல்ல நீவிப் பார்த்தாள். அந்த ஈரம், அந்தப் பொருக்கு, எதற்கும் அவள் முகம் மாறவில்லை. பெரியக்கா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது கிருமி வேலைன்னு எனக்குத் தோணலை” என்றாள் டாக்டர். “அந்த ஊசி வெள்ளணுவை வளர்க்குது, சரியா? சில பேருக்கு, ரொம்பக் கொஞ்சம் பேருக்கு, வளர்ந்த வெள்ளணு வேலையில்லாம கும்பலாத் தோலுக்குள்ள புகுந்துடும். காய்ச்சல் வரும், இப்படித் தடிக்கும். பார்த்தா கொப்புளம் மாதிரி இருக்கும், குத்தினா ஒண்ணும் வராது. குத்துறது, கீறுறதெல்லாம் இதுக்குத் தீனி. காயம் பட்ட இடத்துல இன்னும் பெருசா வளரும்.”

“கீறியிருந்தா?” என்றான் தம்பி.

“ஊக்குக் குத்துக்கே இவ்வளவு வளர்ந்திருக்கு. கத்தி பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க. துளியூண்டு தோல் மட்டும் எடுத்துப் பார்த்து உறுதி பண்ணிக்கறேன். ரத்தத்துல கிருமி இல்லைன்னு தெரியுற வரைக்கும் அதுக்கான மருந்தும் ஓடட்டும். அப்புறம் ஸ்டீராய்டு ஆரம்பிச்சா ரெண்டு மூணு நாள்ல அடங்க ஆரம்பிக்கும். அந்த ஊசி இனிமே வேண்டாம். ஊசி இல்லாம நாலாவது தவணையை எப்படிக் கொடுக்கறதுன்னு உங்க புற்று டாக்டர்கிட்ட நான் பேசறேன்.”

“இதுக்குப் பேரு என்ன டாக்டர்?” என்று கேட்டாள் நம்பர். பெயர், நம்பர் எல்லாம் தெரிந்தாக வேண்டும் அவளுக்கு.

டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். “ஸ்வீட்.”

“என்னது?”

“கண்டுபிடிச்ச டாக்டரோட பேரு. ஸ்வீட் நோய்னுதான் சொல்றது.”

நம்பர் தன் கையைப் பார்த்தாள். ஒழுகுகிற, நாறுகிற, விரிப்போடு ஒட்டிக்கொள்கிற கையை. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்தும் சிரித்தாள். “கேட்டீங்களா அக்கா? ஸ்வீட்டாம்! குச்சியால தூக்கிப் போட்டீங்களே, ஸ்வீட்டாம்!”

தம்பி சிரிக்கவில்லை. “குச்சியாலயா?” என்று கேட்டான்.

பெரியக்கா டாக்டர் பக்கம் திரும்பினாள். “டாக்டர், இது... ஒட்டுமா?”

“ஒட்டாது. தாராளமாத் தொடலாம். பக்கத்துல படுக்கலாம், ஒரே டம்ளர்ல குடிக்கலாம். வெளியிலேருந்து அவங்களுக்கு எதுவும் ஒட்டாமப் பார்த்துக்கோங்க, அது போதும்.”

டாக்டர் போய்விட்டாள். சொட்டு மருந்து இறங்க ஆரம்பித்தது.

பெரியக்கா கட்டிலருகே வந்தாள். ஒன்று சொல்லத்தான் வேண்டும்: இவள் வாயைத் திறந்திருக்காவிட்டால் அந்தக் கையில் இந்நேரம் மூன்று கீறல் இருந்திருக்கும். அது நம்பருக்கும் தெரியும். பெரியக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது. கையை நீட்டி, அந்தத் தடித்த முழங்கையைப் பிடிக்கப் போனாள்.

நம்பர் கையை இழுத்துக்கொண்டாள்.

“ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னதுக்கப்புறம் யார் வேணா தொடுவாங்க அக்கா.”

பெரியக்காவின் கை அந்தரத்தில் நின்றது.

“குத்தினதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்லை. நல்லது பண்றதா நினைச்சுப் பண்ணீங்க. சொல்லாதேன்னு சொன்னீங்க, அதையும் பொறுத்துக்கிட்டேன். இங்கே வந்து நின்னு சொன்னீங்களே, அது பெரிய விஷயம், இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா காலையில சீன்னு சொன்னீங்க பாருங்க... ஊர்ல யார் யாரோ கழிச்சுப் போட்டதை எல்லாம் அள்ளினீங்க. என்னைத்தான் அள்ள முடியலை உங்களால.”

அவள் சட்டைப் பைக்குள் கைவிட்டு அந்தச் சிவப்புச் சீட்டை எடுத்தாள். ஊக்கு அதிலேயே இருந்தது. சீட்டைக் கட்டில் விரிப்பின் மேல், சுருக்கம் நீவி, மூன்று பேருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

“எழுதினவ நான்தான். எழுதினபடியே ஆகட்டும். டிஸ்சார்ஜ் ஆனா அந்த மாடிக்கு நான் வரமாட்டேன். தனியாவே இருந்துக்கறோம்.”

தனிக்குடித்தனம். பதினேழு வருஷமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பேச்சு. அதை நம்பர் தன் வாயால் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இருந்துக்கறோம்னா?” பெரியக்கா தம்பியைப் பார்த்தாள். “நீ சொல்றே. அவன் சொல்லட்டும். சொல்லுடா. உன்னை நான் வளர்த்தேனே, சொல்லுடா.”

தம்பி வேன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். கீழே வேனில் பதினோரு மூட்டைகள் காத்திருந்தன. அவன் அக்காவைப் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. குனிந்து அந்தச் சிவப்புச் சீட்டை எடுத்தான், ஊக்கைத் திறந்தான். அதை எங்கே குத்தினான் என்பது அடுத்த வாரம்.